பந்துவீச்சாளர்களை நிறுக்கும் தராசு

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வரும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியின் நீண்ட மேம்பாலம் தரையிறங்கும் இடத்தை அடுத்திருக்கும் பொம்மனஹள்ளியில், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளை நம்பிக் கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்து வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கிரிக்கெட் விஷயத்தில் இக்குடும்பங்களுக்கு இரண்டு பக்திகள் உண்டு. சேப்பாக்கத்தின்மீது பிறந்த ஊர்ப் பாசமும் சின்னசுவாமி மைதானத்தின்மீது பிழைக்கும் ஊர்ப் பாசமும் அவர்கள் நெஞ்சில் ஒன்றையொன்று தள்ளாமல் வாழ்கின்றன. வெங்கட்ராகவனையும் அசுவினையும் சொந்தம் கொண்டாடும் அதே வாய், பிரசன்னாவையும் சந்திரசேகரையும் கும்ப்ளேயையும் ‘நம்ம ஆள்’ என்றுதான் சொல்கிறது. ஆகையால் ‘டெஸ்ட் பந்துவீச்சாளர்களில் சிரேஷ்டர் யார்’ என்ற கேள்வி இப்பகுதியில் எழுந்துவிட்டால் எளிதில் அடங்குவதில்லை.

இப்படியொரு விவாதத்தை அண்மையில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம், ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதும் இளைஞர். மறுபக்கம், நாற்பது ஆண்டுக்காலம் துணி வெட்டி ஓய்வுபெற்ற கட்டிங் மாஸ்டர். “பெரியவரே, கும்ப்ளேயோட 619 எங்கே, சந்திராவோட 242 எங்கே? இதுல பேச என்ன இருக்கு?” என்றார் இளைஞர். “எண்ணிக்கை சரிதான் தம்பி. ஓவல்ல அன்னிக்கு ஆட்டத்தைத் திருப்பினது யார் கை? அதைச் சொல்லு முதல்ல” என்றார் பெரியவர். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஒருவர் நெடிய உழைப்பின் மொத்தத்தைப் பேசினார். மற்றவர் ஒரு சந்தர்ப்பத்தின் கனத்தைப் பேசினார். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியுமா என்ற பிரயத்தனத்திலிருந்துதான், பந்துவீச்சாளர்களைப் புள்ளிவிவர முறையில் தரவரிசைப்படுத்தும் சாஸ்திரமே பிறந்தது என்று சொல்லலாம்.

பழைய முறை மிக எளியது. ஒரு பந்துவீச்சாளர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களை அவர் வீழ்த்திய விக்கெட்டுகளால் வகுத்தால் வருவது சராசரி. வீசிய பந்துகளை விக்கெட்டுகளால் வகுத்தால், ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து பிடித்தது என்பது தெரியும். கும்ப்ளே 132 டெஸ்டுகளில் 619 விக்கெட்டுகளை 29.65 என்ற சராசரியிலும், சந்திரசேகர் 58 டெஸ்டுகளில் 242 விக்கெட்டுகளை 29.74 என்ற சராசரியிலும் வீழ்த்தினார்கள். விலையில் ஏறத்தாழ வித்தியாசமே இல்லை. ஒரு விக்கெட்டுக்கு ஆன பந்துகளைப் பார்த்தாலும் இருவருக்கும் அறுபத்தாறை ஒட்டியே வருகிறது. மைசூரில் பிறந்து, பால்யத்திலேயே இளம்பிள்ளைவாதத்தால் சூம்பிப்போன வலக்கையால் பந்து வீசி, களத்தில் பந்தை எடுத்து எறிவதற்கு மட்டும் இடக்கையைப் பயன்படுத்திய ஒருவரும், பெங்களூரில் இயந்திரப் பொறியியல் படித்துத் தேறிய நெடிய உருவத்தினரான மற்றொருவரும், தசமப் புள்ளிக்குப் பின்னால் மட்டுமே வேறுபட்டு நிற்பதைக் காணும்போது, சராசரி என்பது எவ்வளவு விஷயங்களைத் தன் அடியில் மறைத்துவிடுகிறது என்ற எண்ணம் எழாமல் இராது.

அது மறைக்கும் முதல் விஷயம், ஆட்டம் நடந்த களத்தின் ஸ்வபாவம். ஓட்டங்கள் மழையாய்ப் பொழியும் ஆடுகளத்தில் முப்பது ஓட்டத்துக்கு ஒரு விக்கெட் எடுப்பது பெரிய சாமர்த்தியமாக இருக்கலாம். பந்து துள்ளியும் தாழ்ந்தும் வரும் களத்தில் இருபதுக்கு எடுப்பதும் சாதாரணமாக இருக்கலாம். எனவே ஒருவரின் சராசரியை அந்த ஆட்டத்தின் பொதுச் சராசரியோடு ஒப்பிட்டே பார்க்க வேண்டும். 1971 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து 355, 101 ஓட்டங்களும், இந்தியா 284, ஆறு விக்கெட்டுக்கு 174 ஓட்டங்களும் எடுத்தன. மொத்தம் 914 ஓட்டங்கள், 36 விக்கெட்டுகள். ஆக, அந்த ஆட்டத்தில் ஒரு விக்கெட்டின் பொதுவிலை இருபத்தைந்துக்குச் சற்று மேல். சந்திரசேகர் முதல் இன்னிங்ஸில் 76 ஓட்டங்களுக்கு இரண்டும், இரண்டாவதில் 38 ஓட்டங்களுக்கு ஆறுமாக, எட்டு விக்கெட்டுகளைத் தலைக்குப் பதினான்கு ஓட்டங்களுக்கு வாங்கினார். 1999 பிப்ரவரியில் டில்லியில், பாகிஸ்தானுக்கு எதிராகக் கும்ப்ளே 74 ஓட்டங்களுக்குப் பத்து விக்கெட்டுகளையும் வீழ்த்திய ஆட்டத்தில், மொத்தம் 970 ஓட்டங்கள், 40 விக்கெட்டுகள். பொதுவிலை இருபத்துநான்குக்குச் சற்று மேல். அவர் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 149 ஓட்டங்களுக்குப் பதினான்கை எடுத்தார், தலைக்குப் பத்தரை. பொதுவிலை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்த இரண்டு ஆட்டங்களில் கும்ப்ளேயின் கொள்முதலே மலிவு என்பதைக் கணிதம் தயங்காமல் சொல்லிவிடுகிறது. ஓவலில் கிடைத்த வெற்றி, இங்கிலாந்து மண்ணில் இந்தியா பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி, முதல் தொடர் வெற்றி என்பதை இந்த வகுத்தல் கணக்கு அறியாது.

களத்தைப் போலவே காலமும் ஏமாற்றும். ஜார்ஜ் லோமன் என்ற ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 18 டெஸ்டுகளில் 112 விக்கெட்டுகளை 10.75 என்ற சராசரியில் எடுத்தார். வேறெவரும் அதன் அருகில்கூட வரவில்லை என்பதற்காக அவரைச் சக்கரவர்த்தியாக முடிசூட்டிவிடலாமா? 1896இல் போர்ட் எலிசபெத்தில் அவர் பதினைந்து விக்கெட்டுகளை 45 ஓட்டங்களுக்கு எடுத்தபோது எதிரில் நின்ற தென்னாப்பிரிக்க அணி, ஆட்டத்தை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த அணி. ஓர் இன்னிங்ஸில் 30 ஓட்டங்களுக்குச் சுருண்டது. நாற்பது விக்கெட்டுகளும் சராசரியாகப் பதின்மூன்று ஓட்டத்துக்கே விழுந்த அவ்வாட்டத்தில் லோமனின் மேன்மை நிஜம்தான். ஆனால் அது மேற்கிந்தியத் தீவுகளின் மால்கம் மார்ஷலின் மேன்மையைப் போல இரண்டு மடங்கு என்று வாதாட இடமில்லை. சிட்னி பார்ன்ஸ் 27 டெஸ்டுகளில் 189 விக்கெட்டுகளை 16.43க்கு எடுத்ததும், அதில் 49 விக்கெட்டுகள் 1913-14இல் தென்னாப்பிரிக்காவின் பாய் விரித்த களங்களில் நான்கே டெஸ்டுகளில் கிடைத்தவை என்பதும் இதே விதமான நிதானத்தோடு படிக்க வேண்டிய கணக்குகள்.

எதிரில் நின்றவர் யார் என்பது அடுத்த கேள்வி. நாமக்கல் பகுதியிலிருந்து 1920இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன ஒருவரின் பேரனாகக் கண்டியில் பிறந்து, 133 டெஸ்டுகளில் 800 விக்கெட்டுகள் என்னும் சிகரத்தை அடைந்த முத்தையா முரளிதரனைக் குறித்துத் தமிழர்களாகிய நமக்குப் பெருமை இருப்பது இயல்பு. அப்பெருமை பரிசீலனைக்கு அஞ்ச வேண்டியதும் இல்லை. அவருடைய 800இல் 176 விக்கெட்டுகள் வங்கதேசத்துக்கும் ஜிம்பாப்வேக்கும் எதிராக எடுத்தவை என்று அவரைக் குறைத்துப் பேசுவோர் சுட்டிக்காட்டுவார்கள். ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்னின் 708இல் அந்த வகை பதினேழுதான். சரி, அந்த 176ஐயும் கழித்துவிட்டே பார்ப்போம்: முரளிதரனிடம் 624 விக்கெட்டுகள் மிஞ்சுகின்றன, அவற்றின் சராசரி ஏறத்தாழ 24.9. வார்னின் மொத்தச் சராசரியோ 25.41. கழித்த பிறகும் முரளிதரன் முன்னால்தான் நிற்கிறார். அதோடு, அந்தக் காலத்தின் மிக வலிமையான மட்டையாளர்களான ஆஸ்திரேலியர்களுக்கு முரளிதரன் பந்து வீச நேர்ந்தது, வார்னுக்கு நேரவில்லை. ஆனால் அதே ஆஸ்திரேலிய மண்ணில் முரளிதரன் ஐந்து டெஸ்டுகளில் பன்னிரண்டு விக்கெட்டுகளை 75க்கு மேற்பட்ட சராசரியிலும், இந்திய மண்ணில் நாற்பது விக்கெட்டுகளை 45க்கு மேற்பட்ட சராசரியிலும்தான் எடுத்தார் என்பதையும் மறைப்பது நியாயமாகாது. இந்தியாவில் வார்னுக்கும் அதே கதிதான்.

கூட வீசியவர் யார் என்ற கேள்வி இன்னும் நுட்பமானது. முரளிதரன் ஆடிய ஆட்டங்களில் இலங்கை வீழ்த்திய விக்கெட்டுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவாக அவர் ஒருவரே எடுத்தார். நியூசிலாந்தின் ரிச்சர்ட் ஹாட்லி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தார். மறுமுனையில் உதவி இல்லாதவனுக்கு விக்கெட்டுகள் மிகுதியாகக் கிடைக்கும். ஆனால் மறுமுனையில் எவரும் நெருக்குதல் தராததால் ஒவ்வொன்றின் விலையும் ஏறும். மார்ஷலுக்கு நேர்மாறான நிலை. ஹோல்டிங், கார்னர், பிறகு ஆம்புரோஸ் என்று நெருப்பாய் வீசுபவர்களோடு பங்குபோட்டுக்கொண்டதால் அவருக்கு ஒரு டெஸ்டுக்கு ஐந்து விக்கெட்டுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. ஆயினும் 81 டெஸ்டுகளில் 376 விக்கெட்டுகளை 20.94க்கு எடுத்தார். எண்ணிக்கையைப் பெரிதாகக் கொள்ளும் எந்தத் தராசும் மார்ஷலுக்கு அநீதி செய்யும். சராசரியை மட்டும் பெரிதாகக் கொள்ளும் தராசு முரளிதரனுக்கு அநீதி செய்யும்.

இந்தச் சிக்கல்களையெல்லாம் ஒரே எண்ணுக்குள் அடக்க 1987இல் ஒரு முயற்சி நடந்தது. இங்கிலாந்தின் முன்னாள் தலைவர் டெட் டெக்ஸ்டரின் யோசனைக்கு ராப் ஈஸ்ட்அவே, கார்டன் வின்ஸ் என்ற கணித நிபுணர்கள் உருவம் கொடுத்தார்கள். டெலாய்ட் என்ற கணக்காயர் நிறுவனத்தின் பெயரால் வெளியான அம்முறைதான் பிற்காலத்தில் ஐசிசியின் அதிகாரபூர்வத் தரவரிசையாயிற்று. ஆயிரத்துக்கு இத்தனை என்று அது மதிப்பெண் இடுகிறது. வீழ்த்திய மட்டையாளர் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் உடையவரோ, அந்த விக்கெட்டுக்கு அவ்வளவு மதிப்பு. ஆட்டத்தின் பொது ஓட்ட அளவைப் பார்த்து விட்டுக்கொடுத்த ஓட்டங்களுக்குக் கழிவு. நெடுநேரம் வீசிய உழைப்புக்குச் சலுகை. வலிய அணியை வென்றால் கூடுதல். பழைய ஆட்டங்களின் கனம் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். எழுபது விக்கெட்டுகளை எட்டும்வரை எவருக்கும் முழு மதிப்பெண் கிடையாது. ஒரு டெஸ்டில் ஆடாமல் இருந்தால், கையிலிருக்கும் மதிப்பெண்ணில் நூற்றுக்கு ஒன்று கழிந்துவிடும்.

இம்முறையைக் கடந்த காலத்துக்கும் பின்னோக்கிப் பொருத்திப் பார்த்தபோது, உச்சத்தில் நின்றவர் 1914ஆம் ஆண்டின் பார்ன்ஸ், 932. அவருக்கு ஒரு புள்ளி கீழே 1896இன் லோமன். பிறகு இம்ரான் கான் 922, முரளிதரன் 920, மெக்ராத் 914. இந்தியர்களில் 2016இல் அசுவின் 904ஐத் தொட்டார். 2025 ஜனவரியில் பும்ரா 907ஐ எட்டி அவரைக் கடந்தார். பும்ரா அதற்குச் சில நாள் முன்னர்தான் மெல்போர்னில் தம்முடைய இருநூறாவது விக்கெட்டை எடுத்திருந்தார். இருபதுக்குக் கீழான சராசரியோடு இருநூறு விக்கெட்டுகளை எட்டியவர் டெஸ்ட் வரலாற்றிலேயே அவர் ஒருவர்தான்.

ஆனால் இந்த எண்களைப் படிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை ஒருவர் தம் வாழ்நாளில் ஏறிய மிக உயர்ந்த படியைக் காட்டுபவை. அப்படியில் எத்தனை காலம் நின்றார் என்பதை அவை கூறா. பொம்மனஹள்ளி இளைஞர் கேட்ட கேள்வி வாழ்நாள் மொத்தத்தைப் பற்றியது. பெரியவர் கேட்டதோ ஒரு பிற்பகலைப் பற்றியது. ஐசிசியின் பட்டியல் இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்கிறது. பட்டியல்கள் ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். 2001இல் விஸ்டன் நிறுவனம் தனி ஆட்டங்களை மட்டும் கணக்கிட்டு ஒரு நூறின் வரிசையை வெளியிட்டது. அதில் பந்துவீச்சுக்கு முதலிடம் தென்னாப்பிரிக்காவின் ஹியூ டேஃபீல்டுக்கு. கும்ப்ளேயின் பத்து விக்கெட்டுக்கு இரண்டாம் இடம். பத்தைவிட ஒன்பது எப்படிப் பெரிதாயிற்று என்று நம் ரசிகர்கள் கொதித்தார்கள். 1957இல் ஜோகன்னஸ்பர்கில் 232 ஓட்டங்களைத் துரத்திய இங்கிலாந்தை, கடைசி நாள் முழுவதும் ஒரு முனையிலிருந்து ஓயாமல் வீசி, 113 ஓட்டங்களுக்கு ஒன்பது விக்கெட் எடுத்து, பதினேழே ஓட்ட வித்தியாசத்தில் டேஃபீல்டு தடுத்து நிறுத்தினார். டில்லியில் இந்தியா வென்றது 212 ஓட்ட வித்தியாசத்தில். ஆட்டத்தின் நெருக்கடிக்கு மதிப்புக் கொடுப்பது என்று தீர்மானித்த பிறகு, ஒன்பது பத்தை வெல்வதில் வியப்பில்லை. அடுத்த ஆண்டே அந்நிறுவனம் வாழ்நாள் மொத்தத்தைப் புள்ளிவிவரத்தால் ஆராய்ந்தது. அதில் பந்துவீச்சாளர்களின் முதல் ஸ்தானம் முரளிதரனுக்கு.

வெற்றிக்கு மதிப்புக் கொடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சந்திரசேகர் ஆடிய 58 டெஸ்டுகளில் இந்தியா வென்றவை பதினான்கு. அந்தப் பதினான்கில் மட்டும் அவர் எடுத்தவை 98 விக்கெட்டுகள், சராசரி 19.27. மீதமுள்ள நாற்பத்துநான்கு ஆட்டங்களில் அவருடைய சராசரி முப்பத்தேழை நெருங்குகிறது. ‘பார்த்தீர்களா, அவர் வீசினால் வெற்றி’ என்று இதை எடுத்துக்காட்டுவோர், எந்தப் பந்துவீச்சாளருக்கும் வெற்றிபெற்ற ஆட்டங்களின் சராசரி தாழ்ந்துதான் இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கும்ப்ளேயும் 43 வெற்றிகளில் 288 விக்கெட்டுகள் எடுத்தவர். ஆறு விக்கெட்டை மலிவாக எடுத்ததற்கு ஒரு முறையும், அதனாலேயே வந்த வெற்றிக்கு மறு முறையும் மதிப்பெண் போட்டால், ஒரே செயலுக்கு இரு தடவை கூலி கொடுத்ததாகும். ஒரு வெற்றிக்கு எத்தனை விக்கெட் என்று பார்த்தால் சந்திரசேகருக்கு ஏழு, கும்ப்ளேக்கு ஏழுக்குச் சற்றுக் குறைவு. இந்தச் சிறு வித்தியாசமே உண்மையான வித்தியாசம் என்பது என் அபிப்பிராயம். அயல் மண்ணில் கிடைத்த வெற்றிகள் வேறு விஷயம். ஓவலுக்குப் பிறகு 1977-78இல் மெல்போர்னில், இரண்டு இன்னிங்ஸிலும் 52 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட் என்று ஒரே கணக்கை இருமுறை எழுதி, ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவுக்கு முதல் வெற்றியைச் சந்திரசேகர் தேடித்தந்தார். இப்படிப்பட்ட ஆட்டத்துக்குக் கூடுதல் கனம் கொடுக்காத தராசை நான் நம்ப மாட்டேன்.

எந்தத் தராசிலும் ஏறாதவையும் உண்டு. ஓவலின் அந்த இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்தின் முதல் விக்கெட் விழுந்த விதம் இது: லக்ஹர்ஸ்ட் நேராக அடித்த பந்து சந்திரசேகரின் கையை உராய்ந்துகொண்டு போய், எதிர்முனையில் கோட்டுக்கு வெளியே நின்றிருந்த ஜேம்சனின் ஸ்டம்பைத் தட்டிவிட்டது. ஸ்கோர் புத்தகத்தில் அது ரன் அவுட். சந்திரசேகரின் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. அதன் பிறகுதான், வழக்கத்தைவிட விரைந்து வந்த ஒரு பந்தில் எட்ரிச்சின் ஸ்டம்பு சாய்ந்தது. அடுத்த பந்திலேயே ஃபிளெச்சர் ஷார்ட் லெக்கில் நின்ற சோல்கரின் கைகளில் அகப்பட்டார். அந்தச் சோல்கர் அங்கே நிற்காவிட்டால் சந்திரசேகரின் சராசரி என்ன ஆகியிருக்கும் என்று எந்தச் சூத்திரமும் கணக்கிட்டதில்லை. டில்லியிலோ, கும்ப்ளே ஒன்பதை எடுத்துப் பத்தாவதுக்குக் காத்திருந்தபோது, மைசூர்க்காரரான ஸ்ரீநாத் மறுமுனையிலிருந்து பந்துகளை வேண்டுமென்றே ஸ்டம்புக்கு எட்டாத தூரத்தில் வீசினார். தம் கணக்கைக் கெடுத்துக்கொண்டு நண்பரின் கணக்கை நிறைவு செய்த அந்தப் பந்துகள், ஸ்ரீநாத்தின் பெயருக்கு எதிரே செலவாக மட்டுமே பதிவாகியுள்ளன.

கும்ப்ளேயைப் பற்றிய உண்மையான தகராறு சொந்த மண், அயல் மண் என்பதில்தான் இருக்கிறது. இந்தியாவில் 350 விக்கெட்டுகள், சராசரி 24.88, வெளியே 269, சராசரி 35.85. பதினொரு ஓட்ட இடைவெளி சிறிதன்று. ஆனால் அவருடைய வெளிநாட்டுக் கணக்கை ஒரே குவியலாகப் பார்ப்பது பிழை. அதைக் காலவரிசையில் பிரித்துப் பார்த்தால், தோளில் சிகிச்சை செய்துகொண்டு திரும்பிய பிற்பகுதியில் அவர் வேறொரு பந்துவீச்சாளராக மாறியிருப்பது பிரத்தியட்சமாகத் தெரியும். 2003-04 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்றே டெஸ்டுகளில் 24 விக்கெட்டுகள் எடுத்தார். சிட்னியில் மட்டும் பன்னிரண்டு. சொந்த மண்ணின் விக்கெட்டுக்குக் குறைந்த மதிப்பு என்று விதி வகுப்பவர்கள், 383 விக்கெட்டுகளை இந்தியாவிலேயே எடுத்த அசுவினையும் அதே விதியால் அளக்க வேண்டும். சேப்பாக்கத்துக்கு ஒரு நீதி, சின்னசுவாமிக்கு ஒரு நீதி கூடாது.

பிரசன்னாவின் விஷயம் இவர்கள் இருவரையும்விட என்னை உறுத்துகிறது. 1962இல் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கிய அவர், பொறியியல் படிப்பை முடிப்பதற்காக ஏறத்தாழ ஐந்தாண்டுகள் டெஸ்ட் களத்தைவிட்டு விலகியிருந்தார். திரும்பி வந்து, இருபதே டெஸ்டுகளில் நூறு விக்கெட்டுகளை எட்டினார். இந்தியர்களில் அந்த வேகத்தை அரைநூற்றாண்டுக்குப் பக்கம் எவரும் மிஞ்சவில்லை, மிஞ்சியவர் அசுவின். ஆடாத டெஸ்டுக்கு நூற்றுக்கு ஒன்று கழிக்கும் விதி, படிக்கப் போன பிரசன்னாவையும், காயத்தால் 1968 முதல் 1971 வரை வெளியே இருந்த சந்திரசேகரையும், ஃபார்ம் இழந்து நீக்கப்பட்டவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. இப்போதைய பலத்தைச் சொல்லும் பட்டியலுக்கு அவ்விதி பொருந்தும். சரித்திர வரிசைக்கு அது ஆகாது.

ஆகவே என் நிர்ணயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். வாழ்நாள் மொத்தத்துக்கு உலகில் முரளிதரன், அவரை மிக நெருங்கி மார்ஷல். பார்ன்ஸையும் லோமனையும் அவர்கள் காலத்துத் தனிப்பட்டியலில் வைக்கிறேன். கர்நாடகத்தில் வாழ்நாள் மொத்தத்துக்குக் கும்ப்ளே முதல்வர். 40,850 பந்துகளை வீசி, அவற்றின் தரத்தைக் கடைசிவரை உயர்த்திக்கொண்டே போனவரை இரண்டாமிடத்தில் வைக்கச் சொல்லும் நியாயம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. அயல் மண்ணில் ஓர் ஆட்டத்தை வென்று தர ஒருவரை அனுப்ப வேண்டுமானால் சந்திரசேகர். பிரசன்னாவின் 49 டெஸ்டுகள், 189 விக்கெட்டுகள், 30.38 என்ற சராசரி ஆகியவற்றைக் கொண்டு மட்டும் அவரை மூன்றாமவராக்க எனக்கு மனமில்லை. விலகியிருந்த ஐந்தாண்டுகளைக் கழிக்காமலும் கூட்டாமலும், ஆடிய ஆட்டங்களை மட்டுமே கொண்டு, மட்டையாளர் தரத்தையும் களத்தின் பொதுவிலையையும் சேர்த்து ஒருவர் பொறுமையாகக் கணக்கிட்டுத் தந்தால், இரண்டாம் இடத்துக்கு அவர் சந்திரசேகரோடு போட்டியிடுவார் என்றே நம்புகிறேன்.